நடுப்பலகையில் போட்ட சாக்கு

வாலிநோக்கத்துச் சுஐபு ஒரு காலத்தில் கொழும்புக்குத் தோணி ஓட்டியவன். கருவாடும் ஓடும் ஏற்றிக்கொண்டு போய், தேங்காயெண்ணெயும் பாக்கும் ஏற்றிக்கொண்டு திரும்பியவன். நாடு விடுதலையான இரண்டொரு வருஷத்தில் அக்கரையில் பாஸ்போர்ட்டு, பெர்மிட்டு என்று சட்டத்துக்கு மேல் சட்டம் வந்தது. தோணி முதலாளி தோணியை விற்றுவிட்டு மளிகைக்கடை வைத்தார். சுஐபு கைவளையலை விற்கச் சொல்லி மனைவி தாஜுன்னிசாவிடம் கெஞ்சி, ஒரு வத்தையை, சிறிய பாய்மரப் படகை, வாங்கினான். வலை வீச அவனுக்கு வராது. பாய் விரிக்கவும் சுக்கான் பிடிக்கவும் மட்டுமே தெரியும். ஆகவே கடலைக் காட்டுவதையே தொழிலாக்கிக்கொண்டான்.

முதுகுளத்தூர்ப் பக்கத்து மக்கள் மிளகாய் விற்று முடித்ததும் லாரி பிடித்து வருவார்கள். மாரியூரில் கடலாடிவிட்டு, கோயிலில் கும்பிட்டுவிட்டு, சுஐபுவைத் தேடி வருவார்கள். தலைக்கு நாலணா. இரண்டு மைல் தூரத்தில் நல்லதண்ணித் தீவு. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பலாம். ஆழமில்லாத இடத்தில் கடலுக்கடியில் பாசியும் பாறையும் பூத்துக் கிடப்பதைப் பார்க்கலாம், சங்கு பொறுக்கலாம். ஏழைக்கும் எட்டுகிற உல்லாசம் அது.

முதல் வருஷம் வந்த ஒரு பெரிய மனிதர் வத்தையில் கால் வைக்குமுன் கேட்டார்: "ஏன் பாய், நாங்களும் எங்க பண்ணையாட்களும் ஒரே பலகையிலயா?"

சுஐபு அன்றைக்கே ஒரு பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நடுப்பலகையில் நனைந்த சாக்கு ஒன்றை விரித்துப் போட்டான். சாக்குக்குப் பின்னால் நிலக்காரச் சம்சாரிகள். முன்னால், தண்ணீர் தெறிக்கிற அணியத்தில், கூலிக்காரர்கள். குடிதண்ணீருக்குப் பின்னால் மண்பானை, முன்னால் தகரடப்பா. ஏழு வருஷம் இப்படியே ஓடிற்று. கடலுக்குச் சாதி கிடையாது என்று கரையில் நின்றுகொண்டு பேசுகிறவர்கள் அந்த வத்தையில் ஒரு தரம் ஏறிப் பார்த்திருக்க வேண்டும்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் சித்திரையில் ஒரு நாள். காற்று அசையவில்லை. பனையோலை பனையோலையோடு உரசவில்லை. ஆனால் தெற்கேயிருந்து நீளநீளமாக அலை வந்துகொண்டே இருந்தது.

"மச்சான், காத்தே இல்ல. இந்த அலை எங்கேயிருந்து வருது?" என்றான் வத்தையில் கூட வேலை செய்த கபீர். தாஜுன்னிசாவின் தம்பி.

"எங்கேயோ அடிக்குது. இங்கன இன்னும் வரலை," என்றான் சுஐபு. வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

பொன்னுச்சாமி தம் குடும்பத்தோடு எட்டுப் பேராக வந்திருந்தார். ஊரில் பாதி நிலம் அவருடையது. அவர் பண்ணையில் வேலை செய்யும் பால்சாமி, அவன் மனைவி பஞ்சம்மாள், இன்னும் நாலு பேர் லாரியின் பின்பக்கத்தில் நின்றுகொண்டே வந்திருந்தார்கள். ஆளுக்கு நாலணாவை அவரவர் முடிச்சிலிருந்துதான் அவிழ்த்துக் கொடுத்தார்கள்.

பூசாரி கட்டிவிட்ட எலுமிச்சம்பழம் அணியத்தில் தொங்கியது. பள்ளிவாசல் லெப்பை ஓதிக்கொடுத்த தகடு பாய்மரத்தில் அடித்திருந்தது. கபீர் துடுப்புப் போட, இரண்டு தெய்வத்தின் காவலோடு வத்தை கிளம்பியது.

பஞ்சம்மாள் கடலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "ஆத்தே, எம்புட்டுத் தண்ணி! நம்ம கம்மாயில இதுல ஒரு மூலை கிடந்தாப் போதுமே!"

"ஒரு கை அள்ளிக் குடிச்சுப் பாரு, தெரியும்," என்றான் பால்சாமி.

அவள் நிஜமாகவே அள்ளிக் குடித்துத் துப்பினாள். சாக்குக்கு அந்தப் பக்கமிருந்து பொன்னுச்சாமியின் தம்பி மனைவி சோலையம்மாள் சிரித்துவிட்டாள். பொன்னுச்சாமி திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள்.

தீவில் மத்தியானம் வடமேற்கு வானம் கறுக்கத் தொடங்கியது. கடற்பறவை ஒன்றுகூட இல்லை. சுஐபு போய்ச் சொன்னான்: "அய்யா, இப்பக் கிளம்புனாத் தப்பிச்சுக்கலாம்."

பொன்னுச்சாமி புளிச்சோறு தின்றுவிட்டு மர நிழலில் படுத்திருந்தார். "சாயங்காலம்னுதானே சொன்னே? இப்பக் கூட்டிட்டுப் போனா ரெண்டணாதான் தருவேன்," என்று சொல்லித் தாமே சிரித்துக்கொண்டார். வெயிலில் உட்கார்ந்திருந்த ஆறு பேரையும் யாரும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் போயிற்று.

பாதிக் கடலில் பிடித்துக்கொண்டது. கரைப்பக்கமிருந்து நேர் எதிரே சூறைக்காற்று. பாயை இறக்கிவிட்டுக் கபீர் துடுப்புப் போட்டான். வத்தை அலைமேல் ஏறவில்லை, குத்தியது. முன்னால் ஆறு பேர் கனம், பின்னால் எட்டுப் பேர் கனம், நடுவில் ஒரு சாக்கு. தராசின் இரண்டு தட்டிலும் கல்லை வைத்தமாதிரி அது ஆடியது. ஒவ்வொரு குத்துக்கும் அணியத்தின் வழியே தண்ணீர் உள்ளே கொட்டியது. பழமும் தகடும் தொங்கிய இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தன.

"எல்லாரும் நடுவுக்கு வாங்க! கலந்து, நெருக்கி உக்காருங்க! முனை ரெண்டும் எழும்பணும்!" என்று கத்தினான் சுஐபு.

பொன்னுச்சாமி பின்பலகையை இரு கையாலும் பிடித்துக்கொண்டார். "அவங்க அங்கனயே கெடக்கட்டும்! தொட்டுக்கிட்டு உக்காந்து பிழைச்சு, ஊர்ல எப்படி நான் தலைகாட்டுறது?"

"முங்கிப்போனா மட்டும் எப்படித் தலைகாட்டுவீக?" என்றான் கபீர்.

சுஐபு அணியத்தைப் பார்த்துக் கூப்பிட்டான். "பால்சாமி! நீயாவது வா!"

பால்சாமி இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தான். எழவில்லை. "கடல் இன்னைக்கு மட்டுந்தான் பாய்," என்றான். "ஊரு நாளைக்கும் இருக்குல்ல?"

இருபது வருஷமாகப் பல புயல் பார்த்த சுஐபு இதைப் பார்த்ததில்லை. சாகிறதைவிடப் பெரிய பயம் ஒன்றை ஒரு மனிதனுக்குள் ஊர் போட்டு வைத்திருந்தது. அந்த ஊருக்கு ஏழு வருஷமாகச் சாக்கு விரித்துக் கொடுத்தவன் தானே என்பதும் தெரிந்தது.

அடுத்த அலை அணியத்தை முழுக்க மூடிற்று. தண்ணீர் வடிந்தபோது பஞ்சம்மாள் எழுந்து நின்றாள். சாக்கைப் பிடித்து இழுத்துக் கடலில் எறிந்துவிட்டு நடுப்பலகையில் உட்கார்ந்தாள். பின்னாலிருந்து சோலையம்மாள் தவழ்ந்து வந்து அவள் பக்கத்தில் விழுந்து அவள் கையைப் பற்றிக்கொண்டாள். அப்புறம் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் ஆட்கள் உருண்டு வந்தார்கள். யார் மடியில் யார் என்று தெரியவில்லை. கடைசியாகப் பொன்னுச்சாமியும் வந்தார். அவர் தலை பால்சாமியின் தோளில் இடித்தது. வத்தை முனையைத் தூக்கிக்கொண்டு அலைமேல் ஏறியது.

கரையில் இறங்கியதும் பொன்னுச்சாமி தம் குடும்பத்தாரைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், தீட்டுக் கழியத் தலைமுழுக வைத்தார். பெண்களையும் விடவில்லை. சோலையம்மாள் அழுதுகொண்டே முழுகினாள். பிறகு லாரியில் ஏறி உட்கார்ந்து, கோபமே இல்லாத குரலில் சொன்னார்:

"ஏலே பால்சாமி, உங்களுக்கு லாரியில இடமில்ல. நடந்து வாங்க. உம் பொண்டாட்டி விசயத்தை ஊர்ல வச்சுப் பேசிக்கிருவோம்."

லாரி போய்விட்டது. காற்று ஓய்ந்து மறுபடியும் ஓலை அசையாமல் நின்றது.

"போகாதீக," என்றான் சுஐபு. "இங்கன உப்பளத்துல ஆள் கேக்குறாக. நான் சொல்லிச் சேத்துவிடுறேன்."

பால்சாமி தலையை அசைத்தான். "மக ஊர்ல இருக்கா பாய். ஆட்டுக்குக் காவலா அவளை விட்டுட்டு வந்தோம்."

"அவளுக்குச் சங்கு கொண்டாறேன்னு சொன்னேன்," என்றாள் பஞ்சம்மாள். மடியைத் தடவிப் பார்த்தாள். சங்கு எதுவும் இல்லை.

ஆறு பேரும் சாயல்குடி ரோட்டைப் பார்த்து நடந்தார்கள். சுஐபு சட்டையைப் பிழிந்து மாட்டிக்கொண்டான்.

"மச்சான், எங்கே கிளம்பிட்டீக? அது அவுக ஊரு விசயம்," என்றான் கபீர்.

"சாக்கு என்னுது கபீர்," என்றான் சுஐபு. "என்ன நடந்துச்சுன்னு அங்கன சொல்ல, அவுகளைத் தவிர ஒரு வாய் வேணும். வத்தையை ஏத்திக் கட்டு. அக்காகிட்ட ஒண்ணும் சொல்லாத."

அவர்களை எட்டிப் பிடித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. உப்பளங்களைத் தாண்டினார்கள். பஞ்சம்மாள் எல்லாருக்கும் முன்னால் வேகமாக நடந்தாள், மகளை நினைத்து.

பனங்காட்டு வளைவில் அவள் சட்டென்று நின்றாள். சாயங்காலமே அவர்களை விட்டுவிட்டுப் போன லாரி, ஊர்வரை போய்த் திரும்பி வந்து அங்கே ரோட்டோரம் நின்றது. விளக்கு எரியவில்லை. பெண்கள் அதில் இல்லை. கையில் கம்போடு இறங்கி நின்ற ஊர்க்காரர்கள் எட்டுப் பேரைவிட அதிகமாக இருந்தார்கள்.

சுஐபு பஞ்சம்மாளைத் தாண்டி முன்னால் போனான்.