அதே பன்னிரண்டு பேர்

போன கிழமை வெக்ஸ்போர்ட்டில் பல் வைத்தியருக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் மின்ட் இனிப்பொன்றின் உறையைப் பிரித்தார். அந்த மணத்தோடு ஒரு கிழச் சட்டத்தரணி ஞாபகத்துக்கு வந்துவிட்டார். வாயில் மின்ட் இல்லாமல் அவர் குறுக்கு விசாரணைக்கு எழும்பியதே இல்லை.

நான் அப்போது நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் புதிது. ஆங்கிலத்தையும் தமிழையும்விட என் பதற்றமே உரத்துக் கேட்டிருக்கும். கூண்டில் என் பக்கத்தில் இருந்தவர் மல்வேர்னில் வீடு வைத்திருந்த குணம் அண்ணை. பனி தள்ளும் சவலால் அயலவரின் தலையை உடைத்தார் என்று வழக்கு. அந்தாள் தானே ஐஸில் வழுக்கி விழுந்தது என்பது அண்ணையின் பதில். அண்ணைக்காக வாதாடிய அந்தக் கிழவர் அயலவரை இரண்டு நாள் கேள்வி கேட்டார். ஜூரியில் இருந்த பன்னிரண்டு பேரும் முன்னால் சாய்ந்து கேட்டார்கள்.

மூன்றாம் நாள் கிழவர் வரவில்லை. தன் வீட்டு வாசலில் ஐஸில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், இருமி மறைத்தேன். அரச தரப்புக்காரர் சிரிக்கவில்லை. காரணத்தை ஜூரிக்குச் சொல்லவே கூடாது என்று நின்றார். சொன்னால் அது எங்கள் பக்கத்துக்கு இன்னொரு சாட்சியாகிவிடும் அல்லவா?

புதிதாக வந்த இளம் பெண் சட்டத்தரணி கவலைப்பட்டார். முக்கிய சாட்சியான அயலவர் பேசியதை அவர் பார்க்கவில்லை. காரணம் தெரியாத ஜூரி, பழையவர் அண்ணையைக் கைவிட்டார் என்று நினைக்கலாம். ஜூரியைக் கலைத்துப் புதிதாகத் தொடங்கக் கேட்பதே நல்லது என்றார்.

ஆனால் பிணை நிபந்தனையால் அண்ணை அயலவர் பக்கம் போகக்கூடாது. அதனால் தன் வீட்டுக்கும் போகமுடியாது. இரண்டு வருடமாகத் தம்பியின் பேஸ்மென்டில் இருந்தார். புதிய ஜூரி என்றால் இன்னும் ஒரு வருடம்.

“கலைக்க வேண்டாமெண்டு சொல்லு பிள்ளை,” என்றார். “அந்தக் கிழவர் கேட்ட கேள்வியளை அவையள் காதால கேட்டவை. அது எனக்குக் காணும்.”

நீதிபதி புதியவருக்கு ஒரு கிழமை அவகாசம் கொடுத்தார். பழையவருக்குச் சுகமில்லை, அதை வைத்து எதையும் ஊகிக்க வேண்டாம் என்று மட்டும் ஜூரிக்குச் சொன்னார். பன்னிரண்டு பேரும் திரும்பி வந்தார்கள்.

குற்றவாளி இல்லை என்று ஆங்கிலத்தில் தீர்ப்பு வந்தது. நான் தமிழில் சொல்ல வாயைத் திறக்க முன்பே அண்ணை என் கையை இறுக்கிப் பிடித்தார்.

“விளங்கீற்றுது பிள்ளை.”

அன்று பின்னேரமே வீட்டுக்குப் போய், மனைவியின் போனில் எனக்கு நன்றி சொன்னார்.

இப்போது பெரும்பாலும் வீட்டிலிருந்தே திரையில் மொழிபெயர்க்கிறேன். மேலே கோட்டு, கீழே வீட்டுச் செருப்பு; வசதிதான். பிணை கிடைத்துவிட்டது என்று நான் சொல்ல, திரையின் ஒரு சதுரத்துக்குள் யாரோ அழுகிறார். இன்னொரு சதுரத்துக்குள் நான், கை இரண்டையும் மேசைமேல் வைத்தபடி இருக்கிறேன்.