மாமியார் கொல்லைப்பக்கமாக வந்த வருஷப் பிறப்பு

சித்திரை ஒன்றாம் தேதி, காலை பத்து மணி. முன்வாசல் கதவு அகலத் திறந்திருக்கிறது. ஆரத்தித் தட்டோடு நான் நிற்கிறேன். ஆட்டோ வந்து நிற்கிறது. என் மாமியார் இறங்குகிறார். கையில் ஒரு பை, இடுப்பில் மஞ்சள் துணி முடிச்சு. படியருகே வருகிறார். நிமிர்ந்து பார்க்கிறார். அப்புறம்... ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்துச் சந்தில் திரும்பி, வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்!

இனி நான் யாருக்கு ஆரத்தி சுற்றுவது? ஆட்டோக்காரருக்கா? அவரும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மாமியார் கோபித்துக்கொள்வது உலகத்தில் புதுசா என்று கேட்பீர்கள். புதுசில்லைதான். ஆனால் என் மாமியார் அந்த ரகம் இல்லை. கோபம் வந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, இரண்டே நிமிஷத்தில் "காபி போடும்மா" என்பார். வாயே திறக்காமல் போனார் என்றால் ஏதோ பெரிதாகத் தப்பு செய்திருக்கிறேன் என்று அர்த்தம்.

எங்கள் வீட்டு வருஷப் பிறப்பு எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது தஞ்சாவூரில். மாமியார் மட்டும் குடவாசல் பக்கத்தில் கிராமத்தில் இருக்கிறார். அங்கே மூன்று மா நிலம். கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். சித்திரை முதல் நாள் விடியற்காலையில் ஊரே சேர்ந்து நல்லேர் கட்டும் — அதாவது, அந்த வருஷத்தின் முதல் உழவு. இப்போதெல்லாம் டிராக்டர்தான். அதற்கும் மஞ்சள், குங்குமம், மாலை எல்லாம் உண்டு. முதல் சாலில் புரண்ட மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு மாமியார் பஸ் ஏறுவார். எங்கள் வீட்டு முன்வாசல் வழியாக அந்த மண்ணோடு அவர் உள்ளே வந்து, மாங்காய், வெல்லம், வேப்பம்பூ வைத்த தாம்பாளத்தில் அதை வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இலை போடுவோம்.

இது என் மாமனார் ஆரம்பித்து வைத்த வழக்கம். மூன்று மாவுக்கும் அவர் பெயரில் பட்டா வந்த வருஷம் தொடங்கியதாம். அந்த நிலம் சும்மா வரவில்லை. கூலி நெல் கூடக் கேட்டு வயலில் இறங்காமல் உட்கார்ந்தது, போலீஸ் வந்தது, தாசில்தார் ஆபீஸ் படியைத் தேய்த்தது என்று அது பெரிய கதை. மாமனார் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. மண் மட்டும் வருஷா வருஷம் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

நடுவில் ஒரு அரசாங்கம், தமிழ் வருஷம் தை மாதம்தான் பிறக்கிறது என்றது. அடுத்து வந்த அரசாங்கம், இல்லையில்லை, சித்திரையேதான் என்றது. எங்கள் வீட்டில் பெரிய விவாதம். என் வீட்டுக்காரர் மதியழகன் தை கட்சி. பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்குமே! நான் சித்திரை கட்சி. மாமியார் இரண்டு மாதத்திலும் பாயசம் வைத்தார். "வருஷம் ரெண்டு தரம் பொறந்துட்டுப் போவட்டுமே... ஒங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டார். அதோடு விவாதம் முடிந்தது.

அப்பேர்ப்பட்டவர் இந்த வருஷம் ஏன் சுற்றிக்கொண்டு போனார்?

குற்றவாளி வாசல் நிலையில் தொங்கிக்கொண்டிருந்தது. வாரா வாரம் என் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத்தான் தெரியுமே, எனக்குப் பழைய சாமான் பைத்தியம். வெங்கலப் பானை, ரசம் போன கண்ணாடி, ஊதா நிற கிளாஸ் லாம்ப் — பழசு என்றால் போதும், கால் தன்னால் நின்றுவிடும். 'விண்டேஜ்' என்று சொன்னால் வீட்டுக்காரர்கூட வாயை மூடிக்கொள்கிறார். போன மாதம் பழைய சாமான் கடை ஒன்றில் மணித் தோரணம் பார்த்தேன். பொடிப்பொடியான கண்ணாடி மணிகளைக் கோத்து, இரண்டு பக்கமும் பச்சைக் கிளிகள், நடுவில் தாமரை, அதற்குக் கீழே சிவப்பு மணியில் 'நல்வரவு'. ஒரு கிளிக்குக் கண் இல்லை. அதுவும் ஒரு அழகாகத்தான் இருந்தது.

"குடவாசல் பக்கம் ஒரு மிராசு வீடும்மா. இடிச்சப்ப எடுத்தது," என்றார் கடைக்காரர். எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னார். என் மாமியார் ஊர்! எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தை ஊர்ச் சாமான், அத்தை வரும் நாளில், அத்தை நுழையும் வாசலில்... எவ்வளவு சந்தோஷப்படுவார்! பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, அறுந்த சரத்தைக் கோத்து, முதல் நாளே கட்டிவிட்டேன். நானே நாலு முறை தெருவில் போய் நின்று பார்த்துக்கொண்டேன்.

அவ்வளவு ஆசையாக வாங்கியபோது ஒரு விஷயம் என் புத்தியில் உறைக்கவே இல்லை. அந்த ஊரில் மிராசு வீடு ஒன்றுதான். அந்த வீட்டு நிலத்தில் நடவு நட்டவர் என் மாமியார்.

ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினேன். அங்கே சுகந்தி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். ஆறு வருஷமாக எங்கள் வீட்டில் வேலை செய்கிறாள். பண்டிகை நாளாச்சே, சீக்கிரம் வந்து முடித்துவிட்டுப் போ என்று நான்தான் சொல்லியிருந்தேன். மாமியார் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வேப்பம்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். மஞ்சள் முடிச்சு பக்கத்தில் கிடந்தது. பின்னாலேயே என் வீட்டுக்காரரும் வந்துவிட்டார்.

"ஏம்மா, முன்பக்கம் தொறந்துதான இருக்கு? ஏன் இப்படி வந்தே?" என்றார்.

"நான் எங்கடா வந்தேன்? காலு வந்துடுச்சு," என்றார் மாமியார்.

எங்களுக்குப் புரியவில்லை. அவர் ஒரு பூவைக் காம்போடு கிள்ளிப் போட்டுவிட்டுச் சொன்னார்.

"அது பெரிய வீட்டுத் தோரணம். கண்ணு இல்லாத கிளி அது ஒண்ணுதான். வருசப் பொறப்பு அன்னிக்கு நல்லேர் கட்டி முடிச்சிட்டு நாங்கல்லாம் அங்க போவோம். சந்து வழியா கொல்லைக்கு. பானகம் ஊத்துவாங்க, ஆளுக்கு ஒரு மரக்கா நெல்லு அளப்பாங்க. கொல்லைக் கதவுல நின்னா நேரா வாசல் வரைக்கும் தெரியும். அங்க இது தொங்கும். அம்புட்டு அழகா இருக்கும். நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன்."

"முன்னாடி போயிப் பாத்ததே இல்லையா?"

"முன்னாடி யாருடா விட்டா?" சிரித்தார். "அப்பறம் முதியோர் கல்வின்னு வகுப்பு வெச்சாங்கல்ல? எழுத்துக் கூட்டப் படிச்சிட்டேன். ஒருநாளு பாடம் எடுக்குற பொண்ணு போர்டுல 'நல்வரவு'ன்னு எழுதிச்சு. எனக்குப் பாத்த எழுத்தா இருக்கு... ஆனா எல்லாம் திரும்பி இருக்கு. என்னடா, இந்தப் புள்ள தப்பா எழுதுதேன்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்து படுத்தப்பறந்தான் தெரிஞ்சிச்சு. அது எழுதினது சரி. நாந்தான் அதுவரைக்கும் பின்னாலேருந்து பாத்திருக்கேன்."

நான் இரண்டு வீடு தள்ளிக் கேட்கும்படி மூக்கை உறிஞ்சினேன். எனக்கு அழுகை வந்தால் அப்படித்தான் வரும். எவ்வளவு பெரிய முட்டாள் நான்! வெட்கமாக இருந்தது. ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்குக் கிளம்பினேன்.

"எங்க போறே?"

"அதக் கழட்டப் போறேன், அத்தை."

"கழட்டாத. காசு குடுத்து வாங்கினது. கிளி என்ன பாவம் செஞ்சுது? செத்த நேரம் உக்காந்துட்டு வர்றேன், இரு."

அப்போதுதான் சுகந்தி பேசினாள். குத்திக் காட்ட வேண்டும் என்றெல்லாம் இல்லை. கையில் தேய்த்துக்கொண்டிருந்த குக்கரை நிமிர்த்திக்கூட வைக்கவில்லை. மாமியாருக்கு ஆறுதலாகச் சொன்னாள்.

"இதுல என்ன இருக்கு பெரியம்மா? நானுந்தான் டெய்லி இப்படி வர்றேன். பழகிட்டா இதுதான் சுளுவு."

குழாயில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நான் சுகந்தியை ஒரு நாளும் முன்வாசலில் வராதே என்று சொன்னதில்லை. சத்தியமாகச் சொன்னதில்லை. ஆனால் வா என்றும் சொன்னதில்லையே! கொல்லைக் கதவுச் சாவியை மட்டும்தானே கொடுத்து வைத்திருக்கிறேன்? தினம் காலையில் எங்கள் வாசலில் கோலம் போடுவது அவள்தான். அன்றைக்கும் படியை அடைத்துக்கொண்டு பெரிதாகப் போட்டிருந்தாள். போட்டு முடித்து, நிலையில் தொங்கிய 'நல்வரவு'க்குக் கீழே மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறாள். ஆறு வருஷமாக. இந்தப் பத்தியில் எத்தனை வாரம் சமத்துவம், சமத்துவம் என்று எழுதியிருக்கிறேன்... நீங்களும் பாராட்டிக் கடிதம் போட்டிருக்கிறீர்கள்!

பெரிய வீட்டுக்காரர்களைத் திட்டுவதற்கு எனக்கு நிறைய வார்த்தை தெரியும். அன்றைக்கு ஒன்றுகூட வாயில் வரவில்லை.

மாமியார் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை. முறத்தைக் கீழே வைத்தார். மஞ்சள் முடிச்சை எடுத்துக்கொண்டார். "கையக் கழுவிட்டு வா புள்ள," என்றார் சுகந்தியிடம்.

"எங்க பெரியம்மா?"

"எனக்கு அந்த வாசல்ல ஒண்டியா நுழைய ஒரு மாதிரியா இருக்கு. தொணைக்கு வா."

இரண்டு பேரும் சந்து வழியாகப் போனார்கள். நானும் என் வீட்டுக்காரரும் வீட்டுக்குள் புகுந்து ஓடி, முன்வாசலில் மூச்சு வாங்க நின்றோம். அணைந்துபோன கற்பூரத்தை மறுபடி ஏற்றினேன். மாமியார் படிக்குக் கீழே நின்று, நிமிர்ந்து, ஒவ்வொரு எழுத்தாக உதட்டை அசைத்துப் படித்தார். அவருக்கு அவசரமே இல்லை.

"வாங்க அத்தை. வா சுகந்தி," என்றேன்.

மாமியார் ஏறிவிட்டார். அவர் உயரத்துக்கு மணிச் சரங்கள் தலையில் உரசின. சுகந்தி மட்டும் காலை எடுத்து வைக்காமல் நின்றாள்.

"அய்யய்யோ... கோலத்த மிதிக்கணுமே!"

மாமியார் உள்ளேயிருந்து கையை நீட்டினார்.

"நீ போட்டதுதான? மிதிச்சு வா."

மண் தாம்பாளத்துக்கு வந்தது. பதினொன்றரைக்கு எங்கள் வீட்டில் வருஷம் பிறந்தது. சுகந்தியை உட்கார வைத்து இலை போட்டோம். அவள் கூச்சத்தில் மாங்காய்ப் பச்சடியை மட்டும் மூன்று முறை வாங்கிக்கொண்டாள். மாமியார் கூடத்தில் இருந்தபடி வாசலைத் திரும்பிப் பார்த்து, "இங்கேருந்து பாத்தாத்தான் எனக்குப் பழகின மாதிரி இருக்கு," என்றார். தோரணம் அங்கேயேதான் தொங்குகிறது.

ஒரு நாள் முன்வாசல் வழியாக அழைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. அது எனக்கும் தெரியும், சுகந்திக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். ஆனாலும் எங்கேயாவது ஆரம்பிக்க வேண்டாமா?

மறுநாள் காலை வாசலில் நானே உட்கார்ந்து கோலம் போட்டேன். கல்யாணமான புதிதில் போட்டது, கை மறந்துவிட்டது. முன்பக்கமாக வந்த சுகந்தி, படியில் நின்று குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அக்கா... இது தாமரையா, நண்டா?"