துனிசியாவில் வாங்கிய தட்டு

போன கோடையில் மனைவி, மகளுடன் துனிசியாவில் ஒரு கடற்கரை ஹோட்டலுக்குப் போயிருந்தேன். யாரிடமும் ஏமாந்துவிடக் கூடாது என்று சுவிஸில் பேர்னுக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் ஓஸ்டர்முண்டிகனிலேயே எல்லாம் தேடிப் படித்துவிட்டுப் புறப்பட்டவன் நான். ஹோட்டலில் விற்ற சுற்றுலா எதையும் எடுக்காமல், நாங்களாகவே பஸ் பிடித்துப் பழைய சந்தைக்குப் போனோம்.

ஒரு கடையில் நீலப்பூப் போட்ட தட்டொன்றை மகள் எடுத்துப் பார்த்தாள். நாங்கள் பேர்னிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்ததும், கடைக்காரர் என்னைவிடத் திருத்தமான சுவிஸ் ஜெர்மனில் பேசத் தொடங்கினார். முன்பு சுவிஸின் எங்கடின் மலைப்பகுதியில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினாராம். அகதி விண்ணப்பத்தை நிராகரித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

விலையை ஏற்றத்தான் இந்தக் கதை என்று நினைத்தேன். "உண்மையைச் சொல்லியிருந்தால் ஏன் அனுப்பப்போகிறார்கள்?" என்று ஜெர்மனிலேயே கேட்டேன்.

அவர் தட்டைக் காகிதத்தில் சுற்றி, நான் கேட்ட விலைக்கே தந்தார்.

வெளியே வந்ததும் மகள் கேட்டாள்: "அப்பா, உங்கட கேஸை விசாரிச்ச ஆளும் இதைத்தானே உங்களிட்டச் சொன்னவர்?"

உண்மைதான். முதல்தடவை என் அகதி விண்ணப்பத்தையும் நிராகரித்தபோது அவர் சொன்னது. வீட்டுக்கு யார் வந்தாலும் ஆத்திரத்தோடு நான் சொல்லும் கதை. அதைக் கேட்டே வளர்ந்தவள் அவள்.

"திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்பமோ?"

"பஸ் போயிடும், நட" என்றேன்.

இப்போது விருந்தினர் வந்தால் மனைவி அந்தத் தட்டில்தான் பலகாரம் வைக்கிறாள். என் கேஸைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "பலகாரம் எடுங்கோ" என்று தட்டை நீட்டிவிடுகிறேன்.