மூன்று பட்டைச் சால்வை

என் மகள் இரண்டு முறை இருமினாலே ஆஸ்பத்திரி வரைக்கும் யோசித்துவிடுகிற ஆள் நான். அப்போதெல்லாம் அம்மாவை நினைத்துக்கொள்வேன். அம்மாவும் பயந்தவள்தான். ஆனாலும் ஒரு முறை, கொடுத்த சால்வையைத் திருப்பி வாங்கிவரக் கிளம்பினாள்.

வேலூரில் எங்கள் மாடி அறையை, சிகிச்சைக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுவோம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, நாகாலாந்து மலையூர் ஒன்றிலிருந்து ஓர் அக்காவும் அவர் கணவரும் வந்து தங்கினார்கள். சிகிச்சை கணவருக்கு. அவர் தூங்கும் நேரத்தில் அக்கா ஜன்னல் கம்பியில் பாவு என்கிற நீளவாட்டு நூல்களைக் கட்டி, மறுமுனையைத் தோல் வாரால் இடுப்போடு சேர்த்து, தரையில் உட்கார்ந்து நெய்வார். உடம்பைப் பின்னால் சாய்த்தால் பாவு இறுகும். ஆளே தறியின் பாதி. வார் அறுந்தபோது, ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்த்த அப்பா நல்ல வார் ஒன்று தைத்துக் கொடுத்தார். ஊருக்குப் போகும்போது அக்கா அப்பாவுக்கு, கறுப்பில் சிவப்புக் கோடு ஓடும் சால்வையைப் போர்த்திவிட்டார். மூன்று பட்டைகளாக நெய்து ஒன்றாகத் தைத்தது. அவர்கள் பக்கம் சால்வையைப் பார்த்தே இன்ன இனத்து ஆள் என்று சொல்லிவிடுவார்களாம்.

எங்கள் பக்கம் சால்வைக்கு அந்தக் கௌரவம் கிடையாது. ஒரு மேடையில் வந்தது அடுத்த மேடைக்குப் போய்விடும். அப்பாவும் அப்படியே, கம்பெனியில் ஓய்வு பெற்ற சூப்பர்வைசருக்கு அதைப் போர்த்திவிட்டு வந்தார்.

மறு பரிசோதனைக்கு வருவதாக அக்கா போன் செய்தார். அப்பா சால்வையைப் போடுகிறாரா என்றும் கேட்டாராம்.

"வேற ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றார் அப்பா.

"அவங்க கையால நெய்தது எந்தக் கடையில விக்குது? நானே போய்க் கேக்கறேன்" என்று அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு, சூப்பர்வைசர் வீடு இருந்த மாதனூருக்கு பஸ் ஏறினாள். வழியெல்லாம் என்ன பேசுவது என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

சூப்பர்வைசரின் மனைவி பீரோவைத் திறந்து காட்டினார். "இன்னாம்மா, இத்தினி கெடக்குது. எது வேணுமோ எடுத்துக்க."

"அதுதாங்க வேணும். கேக்கறது தப்புதான். இருந்தாலும் அதுதான் வேணும்."

அது பீரோவில் இல்லை. இஸ்திரி மேசையில் விரித்திருந்தது. நடுப்பட்டையில் இஸ்திரிப்பெட்டி அளவுக்குக் கருகியிருந்தது.

"நல்லா தடியா இருந்துச்சா, இதுக்குத் தோதாப் போச்சு" என்றார் அவர், கொஞ்சமும் உறுத்தலில்லாமல். அம்மா அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அக்கா வந்ததும் அம்மா எதையும் மறைக்கவில்லை. அப்பா மாடிப்படியிலேயே நின்றுகொண்டார். அக்கா கருகிய இடத்தை விரலால் தடவினார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "அண்ணா போடல. டேபிள் போட்டுச்சா?" என்று கேட்டுச் சிரித்தார். தையலைப் பிரித்து நடுப்பட்டையை மட்டும் எடுத்துவிட்டு, மறுநாளே ஜன்னலில் புதுப் பட்டைக்குப் பாவு கட்டினார்.

பரிசோதனை முடிந்ததும் கிளம்ப வேண்டியவர்கள், தங்கிவிட்டார்கள். சால்வைக்காகத்தான் தங்குகிறார்கள் என்று நான் நம்பினேன். பள்ளி விட்டதும் மாடிக்கு ஓடுவேன். அவர் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். அம்மா கஞ்சியை வைத்துவிட்டு, முந்தின வேளைக் கஞ்சியை அப்படியே எடுத்துக்கொண்டு இறங்கிப் போவாள். பட்டை வளர வளர எனக்குக் கவலை, முடிந்தால் போய்விடுவார்களே. அவர்கள் இங்கேயே ரொம்ப நாள் இருக்க வேண்டும் என்று சாமி படத்தின் முன் தினமும் வேண்டிக்கொண்டேன்.

ஒரு நாள் அது காதில் விழுந்ததும், அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். சத்தமாக வேண்டியதற்காகத்தான் என்று நினைத்து, மறுநாளிலிருந்து மனத்துக்குள்ளேயே வேண்டிக்கொண்டேன்.