இருபதுக்குப் பன்னிரண்டு புள்ளி

அகுஸ்தேன் பிறந்தது காரைக்காலில், 1921ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் தேதி. சைகோனில் கப்பலைவிட்டு இறங்கியது 1939 மார்ச்சு 11, சனிக்கிழமை. துறைமுக அலுவலகத்தில் ஏழு ஆண்டு கடிதம் எழுதினார். 1946 ஜனவரி 2 முதல் அவருக்கு ஒரே வேலைதான்: ஆற்றை அளப்பது.

சைகோனிலிருந்து கடல் வெகு தூரம். ஆனாலும் கடல் மூச்சு விட்டால் ஆறு ஏறும், இழுத்தால் இறங்கும். பெரிய கப்பல்கள் ஏற்றத்துக்குக் காத்திருந்துதான் கிளம்ப முடியும். அதனால் கரையோரம் கோடு போட்ட ஒரு மரக்கம்பம் நட்டிருந்தார்கள். தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பகலில் மணிக்கொரு தடவை பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்று, மாலை ஒன்று. பத்து ஆண்டில் அகுஸ்தேன் ஒரு பதிவையும் விட்டதில்லை. 1950இல் குளிர்காய்ச்சலோடு ரிக்‌ஷாவில் வந்து, இறங்காமலே கம்பத்தைப் பார்த்து எழுதிவிட்டுப் போனார்.

அவருக்கு இன்னொரு வாழ்க்கையும் இருந்தது. ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, பென்தான் சந்தைக்குப் பின்னாலிருந்த மஸ்தான் மரைக்காரின் துணிக்கடையில் அது தொடங்கும். ஊரே மதியத் தூக்கத்தில் கிடக்கும் நேரம். கடைக் கதவை முக்கால் பாகம் இறக்கிவிட்டால், மிச்சமிருக்கும் இடுக்கு வழியே வெயில் வந்து மஸ்லின் சுருள்கள்மேல் படுக்கும். உள்ளே எல்லாம் தண்ணீருக்கடியில் இருப்பது போலத் தெரியும். மின்விசிறி சுற்றச் சுற்ற அடுக்கில் தொங்கும் துணி நுனிகள் அசையும். அந்த வெளிச்சத்தில்தான் அவர்கள் வேறு உலகங்களுக்குப் போய் வந்தார்கள்.

அந்த ஆண்டுகளில் பிரெஞ்சு மொழியில் விண்வெளிக் கதைகளும் மாயக் கதைகளும் மலிவுப் பதிப்பாக வரத் தொடங்கியிருந்தன. மார்செய்யிலிருந்து கப்பலேறி, உப்புக் காற்றில் ஓரம் சுருண்டு, இரண்டு மாதம் கழித்துச் சைகோன் கடைக்கு வரும். ஒருவர் வாங்கிப் படித்து, ஞாயிற்றுக்கிழமை முழுக் கதையையும் தமிழில் சொல்ல வேண்டும். பிரெஞ்சு தெரியாதவர்களும் கேட்க வேண்டுமே. கேட்டவர்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்து முறைப்படி இருபதுக்குப் புள்ளி போட்டுக் காரணம் சொல்ல வேண்டும். சொன்னவர் தன் கருத்தைக் கடைசியில்தான் சொல்லலாம். அட்டைப் படத்தைப் பார்த்து யாரும் மயங்கிவிடாதபடி புத்தகத்துக்குப் பழுப்புக் காகிதத்தில் உறை போட்டு மேசைமேல் வைக்க வேண்டும். யார் கேட்டாலும் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். இந்த விதிகளை எழுதியவர் அகுஸ்தேன். நோட்டில் கருத்துகளைக் குறித்தவரும் அவரே.

1952 ஆகஸ்டு 3ஆம் தேதி முதல் கூட்டத்துக்கு ஏழு பேர் வந்தார்கள். பிறகு ஒருவர் புதுச்சேரிக்கு, ஒருவர் பாரீசுக்கு, இருவர் நாகூருக்கு என்று பிரெஞ்சுக் கொடி இறங்க இறங்க நாற்காலிகளும் காலியாயின. 1956இல் மூவர்தான் மிச்சம்.

கடைக்காரர் மஸ்தானுக்கு ஐம்பது வயது. தமிழும் அரபும் படிப்பார், பிரெஞ்சு பேச மட்டும் வரும். எந்தக் கிரகத்துக்குப் போனாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அங்க ஜனங்க என்னா உடுத்துறாங்க?" கதாசிரியர் அதைச் சொல்லியிருக்காவிட்டால் இரண்டு புள்ளி போயிற்று. மழை தரையிலிருந்து வானத்துக்குப் பெய்யும் நாவலுக்கு அவர் நான்கே புள்ளி கொடுத்தார். "கீழேருந்து மழை பெஞ்சா கைலி கட்டினவன் தெருவுல எப்படிங்கனி நடப்பான்? எழுதினவனுக்கு அந்த யோசனையே இல்லையே!"

மூன்றாமவர் ஒடெட். காரைக்கால் குடும்பம், பிறந்தது சைகோனில், வயது இருபத்தெட்டு. தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை. நாடு இரண்டாகப் பிரிந்தபின் ஹனோய்க்குப் போகும் கம்பி ஊமையாகிப்போனதை முதலில் காதால் கேட்டவர்களில் அவரும் ஒருவர். செவ்வாயிலிருந்து பேசினால் குரல் வந்துசேர எத்தனை நிமிடம் ஆகும் என்று அவருக்குக் கணக்குத் தெரியும். நாவலில் யாராவது சட்டென்று பதில் சொல்லிவிட்டால் மூன்று புள்ளி வெட்டுவார்.

அகுஸ்தேனின் அளவுகோல் நிலவு. இரண்டு நிலவு உள்ள உலகத்தில் கடல் அமைதியாக இருந்தால் அவரால் மேற்கொண்டு படிக்க முடியாது.

1955 மே 1ஆம் தேதி ஊரின் மேற்கே சோலோன் பக்கம் சண்டை நடந்து வீடுகள் எரிந்துகொண்டிருந்தபோதும் கூட்டம் நடந்தது. கதவை முழுக்க இறக்கிவிட்டு, புகை நாற்றத்தில் உட்கார்ந்து, சந்திரனில் குடியேறியவர்களின் கதையைக் கேட்டார்கள். வெளியே கேட்ட வெடிச்சத்தம்தான் வேறு ஏதோ கிரகத்தில் நடப்பது போலிருந்தது.

"அங்கேயே குடிபோயிடலாம்" என்றார் மஸ்தான். "யாவாரம்தான் ஓடாது."

நோட்டில் ஒரே ஒரு இடம் காலியாக உண்டு. 1954 ஜூலை 25. குரல் ஒன்று நட்சத்திரத்திலிருந்து எட்டு ஆண்டு பயணப்பட்டு வரும் கதையை அன்று அகுஸ்தேன் சொல்லியிருந்தார். ஒடெட் விசிறியைப் பார்த்தபடி சொன்னார்: "எட்டு வருஷம் காத்துக்கிடந்து 'அலோ'ன்னு ஒரு வார்த்தை வந்தா, அது போதும்னு இருக்கிறவளும் இருப்பா, முசியே."

அகுஸ்தேன் அதை எழுதினார். மஸ்தான் அதற்குப் பிறகு பேசியது எதுவும் அவர் காதில் விழவில்லை. அவர் கருத்துக்கான வரி இன்றும் வெறுமையாகவே கிடக்கிறது.

1956 பிப்ரவரி 5ஆம் தேதி, கூட்டம் முடிந்து காப்பிக் கோப்பையைக் கழுவி வைக்கும்போது ஒடெட் சாதாரணமாகச் சொன்னார்: "அண்ணனோட படைப்பிரிவு பிரான்சுக்குத் திரும்புது. அம்மா, நான், அண்ணன், மூணு பேருக்கும் டிக்கெட்டு வந்துட்டுது. மார்ச்சு இருபத்தொண்ணு, மார்செய்."

"புதன்கிழமை" என்றார் அகுஸ்தேன்.

'போகாதீர்கள், என்னைக் கட்டிக்கொண்டு இங்கேயே இருங்கள்' என்பதுதான் சொல்ல வேண்டியது. ஆற்றங்கரையில் நின்று அதை எத்தனையோ விதமாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்தார். கடைசியில் அவர் பயந்த மனிதர்கள் செய்கிற காரியத்தைச் செய்தார். அடுத்து கதை சொல்ல வேண்டிய முறை அவருடையது. தேத் புத்தாண்டுக்காகப் பன்னிரண்டாம் தேதி கூட்டம் இல்லை. கைக்குக் கிடைத்த அந்த இரண்டு வாரத்தில் இல்லாத நாவல் ஒன்றைத் தானே மனத்துக்குள் எழுதி முடித்தார். ஒடெட்டின் கருத்தைக் கேட்டால் விடை தெரிந்துவிடும் அல்லவா?

பிப்ரவரி 19. தெருவில் இன்னும் சிவப்புப் பட்டாசுக் காகிதம் ஒதுங்கிக் கிடந்தது. பழுப்பு உறை போட்ட தடித்த புத்தகம் ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு அகுஸ்தேன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.

அந்த உலகத்துக்கு இரண்டு நிலவு. இரண்டும் ஒரே பக்கம் வரும் நாளில் கடல் நகரத்துக்குள் புகுந்து மூன்றாம் மாடிப் படிக்கட்டு வரை ஏறும். மீன்கள் சன்னல் வழியே எட்டிப் பார்க்கும். கரைக் கோபுரத்தில் ஒருவன் தண்ணீரை அளந்து சொல்வான். தொலைவிலுள்ள கோபுரத்தில் ஒருத்தி அதைக் கேட்டு ஊருக்குச் சொல்வாள். அவன் குரல் அவளிடம் போய்ச் சேர நாலு நிமிடம். அவள் பதில் வர இன்னொரு நாலு நிமிடம்.

"எட்டு நிமிஷம்" என்றார் ஒடெட், மெதுவாக. "சரியா வருதே."

"உடுப்பு?" என்றார் மஸ்தான்.

"கடற்பாசி நூல். சாயம் போடாதது. நெடுக்கே பாவு நாப்பது, குறுக்கே ஊடை முப்பத்தாறு. நனைஞ்சாலும் ஒட்டாது."

மஸ்தான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மேல சொல்லும்."

அவள் ஊரைவிட்டுப் போகக் கப்பல் வருகிறது. அவனோ அளப்பதை விட்டு ஒருநாளும் நகர முடியாதவன். கடைசி நாளில் கோபுரத்திலிருந்து அவளுக்கு ஒரே வார்த்தை சொல்கிறான்: 'இரு.' நாலு நிமிடம் போகிறது. அவள் பதில் வர வேண்டிய நாலு நிமிடமும் போகிறது. அங்கே நாவல் முடிந்துவிடுகிறது.

"பத்தொன்பது" என்றார் மஸ்தான். "இத்தனை புஸ்தகத்துல இப்பத்தான் ஒருத்தன் ஒழுங்கா நூல் எண்ணியிருக்கான். நமக்குன்னே ஒக்காந்து எழுதினாப்புல இருக்குங்கனி! துணி எனக்கு, டெலிபோன் தங்கச்சிக்கு, தண்ணி ஒமக்கு. யாரு இந்த ஆளு?"

அகுஸ்தேனின் காது சூடேறியது. மூன்று பேருக்கும் ஒரு புள்ளிகூடக் குறையாதபடி எழுதியதுதான் தவறு என்று அப்போதுதான் உறைத்தது. அப்படி எழுதும் நாவலாசிரியர் உலகத்தில் கிடையாது.

"புதுசா எழுதுறவர்" என்றார்.

ஒடெட் எழுந்து மேசைக்கு வந்தார். "நான் கேட்டு மட்டும் புள்ளி போடமாட்டேன், முசியே. படிச்சிட்டுச் சொல்றேன். குடுங்க."

விதி விதிதான். அதை எழுதியவரே மறுக்க முடியுமா? அகுஸ்தேன் இரண்டு கையாலும் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். பழுப்பு உறைக்குள்ளிருந்தது 1955ஆம் ஆண்டின் நீர்மட்டப் பதிவேடு. அந்தப் பருமனில் அவரிடம் வேறு புத்தகம் இருக்கவில்லை.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அளவுக்கம்பத்தருகே ஒடெட் வந்து நின்றார். ஆற்றின்மேல் வெண்மூட்டம் படர்ந்திருந்தது. எதிர்க்கரை தெரியவில்லை. படகுகள் காற்றில் மிதப்பது போல் வந்து வந்து மறைந்தன. ஒடெட் இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தார். கையில் பதிவேடு.

"போன்ழூர், முசியே. முழுக்கப் படிச்சிட்டேன்."

"மன்னிக்கணும்..."

"முதல் அத்தியாயம் ஜனவரி. நல்லாத்தான் இருக்கு. கதாநாயகன் தண்ணிய அளக்குறான். பிப்ரவரியிலயும் அளக்குறான். மே மாசம் ஊரே பத்தி எரியுது, அப்பவும் அளக்குறான். டிசம்பர்ல முடிஞ்சுபோவுது. நடுவுல ஒரு பொண்ணும் வரலையே?"

அகுஸ்தேன் கம்பத்தைப் பார்த்தார். அதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே திசை.

"விளையாட்டு போதும்" என்றார் ஒடெட். குரல் தணிந்திருந்தது. "நேத்தே வெளங்கிட்டுது. நீங்க வாயால சொன்ன கதைக்குப் பன்னிரண்டு. எட்டு வெட்டிட்டேன்."

"எதுக்கு எட்டு?"

"அவளை இருன்னு சொல்றானே, அவன் ஏன் கப்பல்ல ஏறல?"

"அவன் போனா யாரு அளக்குறது?"

"அளக்காட்டி தண்ணி ஏறாம நின்னுடுமா?"

படகுத் துடுப்புகள் இரண்டு முறை தண்ணீரைத் தொட்ட சத்தம் கேட்டது. அந்தக் கோணத்தில் அந்த நாவலை அவர் யோசித்ததே இல்லை. இரண்டு நிலவுக்கும் எடை போட்டார், நூலை எண்ணினார், குரலுக்கு நிமிடம் குறித்தார். கதாநாயகனுக்குக் கால் இருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிட்டார்.

"அவளுக்கு ஒரு அம்மா இருக்காங்க" என்றார் ஒடெட். "தனியா விட்டுட்டு நிக்கமாட்டா. ஆனா நாலு நிமிஷத்துல அவ சொல்லியனுப்பின பதில் 'நீ வா'ங்கிறதுதான். எழுதினவர் அதை வாங்கிக்காமலே புஸ்தகத்தை மூடிட்டார். கடைசியா கருத்துச் சொல்றது நீங்கதானே? சொல்லுங்க."

அகுஸ்தேன் கம்பத்திலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு, "முடிவு தப்பு" என்றார். "நான் பத்துதான் போடுவேன்."

ஒடெட் சிரித்தார். பதிவேட்டை அவர் கையில் வைத்துவிட்டு, தூக்கம் சொக்கும் கண்ணோடு மூட்டத்துக்குள் நடந்து போனார்.

செவ்வாய்க்கிழமை, பிப்ரவரி 21, காலை எட்டு மணி. மஸ்தான் கடைக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தபோது அகுஸ்தேன் எதிரே வந்தார்.

"ஏங்கனி, ஆத்தங்கரையில நிக்க வேண்டிய நேரத்துல எங்க போறீரு?"

"டிக்கெட்டு எடுக்க, மரைக்காரே."

மஸ்தான் கதவைப் பாதியில் விட்டார். அவரை மேலும் கீழும் பார்த்தார். "அந்தக் கதை நீம்பரு எழுதினதுதானே?"

"எப்பத் தெரிஞ்சுது?"

"பாவு நாப்பதுன்னப்பவே. எங் கடைத் துணியில ஒட்டின சீட்டுல இருந்து எடுத்தது அது. பத்தொன்பது போட்டேனே, அந்த ஒண்ணை ஏன் புடிச்சுக்கிட்டேன்னு கேட்டீரா?"

"ஏன்?"

"சாயம் போடாத துணின்னீரே! கல்யாணக் கதையில யாராச்சும் வெள்ளையாவே உடுத்துவாங்களா?" என்று சிரித்தவர், பிறகு கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இனிமே புஸ்தகத்தை எனக்கு யாரு சொல்லுவா?"

அகுஸ்தேன் பாதியில் நின்ற கதவை மேலே தூக்கிவிட்டார்.

"தபால்ல எழுதும்" என்றார் மஸ்தான். "ரெண்டு மாசம் ஆகும், ஆவட்டும். நான் புள்ளி போட்டு அனுப்புறேன். போம், வரிசை நீளமா நிக்கும்."

நீளமாகத்தான் நின்றது. பெட்டி கட்டிய குடும்பங்கள், சீருடை களைந்த சிப்பாய்கள், கைக்குழந்தையோடு பெண்கள். கப்பல் அலுவலகத்துச் சன்னலை அகுஸ்தேன் அடைந்தபோது பதினொன்றரை. திரும்பி வரவும் சீட்டு வேண்டுமா என்று எழுத்தர் கேட்டார். போவதற்கு மட்டும் என்றார் அவர்.

அந்த மூன்றரை மணி நேரமும் ஆறு, கோடு போட்ட கம்பத்தின்மேல் யாரும் பார்க்காமலே ஏறிக்கொண்டிருந்தது.