எள்ளுத் தாத்தாவின் பெயரில் ஒரு படிப்பகம்

பெயர் பொறிக்காமல் ஒரு குவளைத் தண்ணீர்கூடத் தருவதில்லை என்பது எங்கள் ஊரின் உறுதியான கொள்கை. கிரிவலப் பாதை மண்டபத்தில் சிமென்ட் பெஞ்சில் சாய்ந்தால் முதுகில் உறுத்துவது கொடையாளரின் தந்தை பெயர். நிமிர்ந்தால் மின்விசிறியின் இறக்கையில் சுழல்வது அவருடைய மாமனார் பெயர். ஆகவே, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலிருந்து வந்து அடி அண்ணாமலையில் ஒரு மாடி வீட்டில் தங்கியிருந்த முதியவர், ஊருக்குப் படிப்பகம் கட்டித் தருவதாகவும், அதன் வாசலில் தம் எள்ளுத் தாத்தாவின் பெயரையும் வரலாற்றையும் கருங்கல்லில் பொறிக்க வேண்டும் என்றும் சொன்னபோது யாரும் வியக்கவில்லை. வெள்ளைக்காரர் நம் பண்பாட்டை நன்றாக உள்வாங்கிவிட்டார் என்று ஊர்க் கமிட்டித் தலைவர் பூரித்துப் போனார்.

வரலாற்றில் முதுகலை முடித்துவிட்டு, மலையைச் சுற்றிக் குடியிருக்கும் வெளிநாட்டவர்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பதுதான் அப்போது என் பிழைப்பு. கல்வெட்டுக்கான வாசகத்தை எழுதும் வேலை அப்படித்தான் என்னிடம் வந்தது.

அந்தப் படிப்பகத்துக்காக எல்லோரையும்விட அதிகம் காத்திருந்தவள், காலனித் தெருவில் இருந்த ஒரு பெண். பி.காம். முடித்து, குரூப் ஃபோர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். அவள் வீடு ஒரே அறை. அந்த அறையில் ஐந்து பேரும் ஒரு தொலைக்காட்சியும். தினமும் பஸ் பிடித்து டவுன் நூலகத்துக்குப் போய்வருவாள். பௌர்ணமி வந்தால் பக்தர்களுக்காகச் சாலையை மறித்துவிடுவார்கள். அவளுக்குப் படிப்பும் மறிபடும். அவளுடைய தாத்தா, கமிட்டித் தலைவரின் குடும்பத்தில் படியாளாக இருந்தவர். வருடம் முழுவதும் உழைத்து, கூலியாக நெல் அளந்து வாங்கியவர்.

வாசகத்துக்குத் தகவல் கேட்கத் தலைவரையும் அழைத்துக்கொண்டு அந்த மாடி வீட்டுக்குப் போனேன். முதியவர் தம் மாநிலத்தின் பெருமைகளைக் கைபேசியில் ஒவ்வொன்றாகக் காட்டினார்: வெள்ளைத் தூண்கள் நிமிர்ந்து நின்ற கல்லூரி, நீதிமன்றத்தின் எதிரே குதிரைமேல் ஒரு தளபதியின் சிலை, ஆளுநர்கள், ஒரு பேராயர். எள்ளுத் தாத்தா அந்தக் கல்லூரியை நிறுவியவர்களில் ஒருவர், அதன் வாசலிலும் அவர் பெயர்தான். ஆற்றங்கரையில் கண்ணுக்கு எட்டிய தூரமும் அவருடைய பருத்தி. அந்த மண்ணிலிருந்து உலகெங்கும் போன கறுப்பினப் பாட்டுக்காரர்களோ, வாக்குரிமைக்காக அடிபட்டவர்களோ அவருடைய கைபேசியில் இடம்பெறவில்லை. பருத்தியைப் பறித்தவர்கள் யார் என்று கேட்டேன். அடிமைகள் இருந்ததை அவர் மறைக்கவில்லை. ஆனால் எள்ளுத் தாத்தா அவர்களைத் தம் குடும்பத்தினரைப் போலவே நடத்தினார் என்று கனிவோடு சொன்னார்.

அதைத் தமிழில் சொன்னதும் தலைவரின் முகம் மலர்ந்தது.

“எங்க தாத்தாவும் அப்படித்தாங்க. படியாளுங்கள புள்ளைங்க மாதிரி வெச்சிருந்தாரு. கூழுக்குக் கொறை வெக்கல, அடியும் கம்மிதான். அவருகிட்ட சொல்லுங்கம்மா.”

சொன்னேன். முதியவர் எழுந்து வந்து தலைவரின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். மகாசமுத்திரங்களைத் தாண்டி இரண்டு பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் கண்டுகொண்ட காட்சி அது. இவ்வளவு விரைவாக மலரும் மானுட நேயத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நான் வரலாறு படித்த காலத்தில் அறிந்த ஒரு செய்தி அன்று இரவெல்லாம் என்னை விடவில்லை. அந்த மாநிலத்தில் ஒரு காலத்தில் அடிமைகளைக் கூட்டிவைத்து எழுத்துக் கற்பிப்பதே சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் நிழலில் செழித்த ஒருவரின் பெயரில்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள். காலனிப் பெண்ணிடம் அந்தக் கல்லூரிக் கதையோடு இதையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“கல்லுல என்ன வேணா எழுதிக்கட்டும்க்கா. உள்ள ஒரு டேபிள் போட்டு, ஃபேன் ஓடினா போதும்.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கட்டடம் பத்துத் தலைமுறைக்குப் பயன்படும். கல்லை யார் படிக்கப் போகிறார்கள்? ஆனால் பொய்யை எழுதிய கல்லும் பத்துத் தலைமுறைக்கு நிற்கும். இன்று அவருடைய எள்ளுத் தாத்தா வள்ளலானால், நாளை தலைவரின் தாத்தா வள்ளலாவார். அவளுடைய தாத்தா, நன்றாக நடத்தப்பட்டவராக மட்டும் மிஞ்சுவார். கட்டடத்தைத் தடுக்காமல் கல்லை மட்டும் திருத்த வழி உண்டா என்று யோசித்து ஒரு வாக்கியத்தைச் சேர்த்தேன்: ‘இவருடைய செல்வம் பருத்தி நிலங்களில் அடிமைகளாக உழைத்தவர்கள் ஈட்டித் தந்தது, அவர்களுக்குக் கல்வி மறுக்கப்பட்டிருந்தது.’ கொடையாளருக்குத் தமிழ் தெரியாது. சொல்லாமலே செதுக்கியிருந்தால், எழுத்துகளின் வளைவு அழகாக இருக்கிறது என்று கல்லைத் தடவிப் பார்த்துப் பாராட்டியிருப்பார். ஒருவருக்குத் தெரியாத மொழியில் அவரைக் கண்டிப்பது கோழைத்தனம் என்று பட்டது. தலைவர் முன்னிலையில் அவருக்கு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினேன்.

அவர் கோபப்படவில்லை. கண்களை மூடிக்கொண்டார். இறந்தகாலம் என்று ஒன்று இல்லவே இல்லை என்பதைத்தான் இந்த மலை தமக்குக் கற்பித்தது என்றார். இறந்தகாலமே இல்லாதவருக்கு எள்ளுத் தாத்தா மட்டும் எப்படி எஞ்சினார் என்பதை மலைதான் விளக்க வேண்டும். அப்படியானால் பெயரும் வேண்டாம், வாக்கியமும் வேண்டாம், வெறும் ‘படிப்பகம்’ என்று மட்டும் பொறிப்போம் என்றேன். பெயரில்லாமல் கொடுப்பது தம் குடும்பத்தின் வழக்கமில்லை என்று கண்ணைத் திறந்து பதில் சொன்னார்.

படியிறங்கும்போது தலைவர் என்னை நிறுத்தினார்.

“அவரு ஊரு சங்கதி அவரோட போவட்டுமே. நமக்குக் கட்டடம் வருதுன்னு பாக்காம, படிச்ச பொண்ணு நீங்களே குறுக்க நிக்கிறீங்க.”

அவர் கவலைப்பட்டது கட்டடத்துக்காகவா, தம் தாத்தாவுக்காகவா என்று நான் கேட்கவில்லை.

சில நாட்களில் முடிவு வந்தது. தேர்ந்தெடுத்த மனையின் அதிர்வுகள் சரியில்லை என்று முதியவர் உணர்ந்தாராம். அந்தக் கொடை கிரிவலப் பாதையில் இருந்த ஒரு கோசாலைக்குப் போனது. கொட்டகையின் முகப்பில் எள்ளுத் தாத்தாவின் பெயர் இன்று பொன்னெழுத்தில் மின்னுகிறது. தலைவர்தான் ரிப்பன் வெட்டினார். பசுக்கள் வரலாறு கேட்பதில்லை. கொடையாளர்களுக்கு அவற்றின்மேல் அவ்வளவு அன்பு பெருகுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

காலனிப் பெண் சில வாரங்கள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு காலை பஸ் நிறுத்தத்தில், தோளில் பையோடு பக்கத்தில் வந்து நின்றாள். எள்ளுத் தாத்தா நிறுவிய அந்தக் கல்லூரி இன்னும் நடக்கிறதா என்று கேட்டாள். நடக்கிறது என்றேன். அடிமைகளாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளை இப்போது சேர்க்கிறார்களா என்றாள். நெடுங்காலம் சேர்க்கவில்லை, வழக்காடி, போராடி, அதன் பிறகுதான் நுழைந்தார்கள் என்று விளக்கினேன். வாசலில் இன்னும் அந்த ஆள் பெயர்தானா என்றாள். ஆமாம் என்றேன்.

“அந்தப் பேரைத் தாண்டித்தான உள்ள போயி படிக்கிறாங்க,” என்றாள். “எங்களுக்கு மட்டும் ஏன்க்கா நீங்க முடிவு பண்ணீங்க?”

அந்தக் கல் நின்றிருந்தால் யாருக்கு என்ன கேடு வந்திருக்கும் என்று நான் யோசித்து வைத்திருந்த காரணங்கள் எல்லாம் அப்போதும் சரியாகத்தான் இருந்தன. பஸ் வந்தது. படிவரை கூட்டம். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.