இரண்டு தராசில் நின்று பார்த்த பனிச்சறுக்கு

2024 பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை. ஐந்தே காலுக்கு எழுந்து, அரை மணி நடந்து, ஏழரைக்குக் கோவில்பட்டியில் என் மிளகாய் வத்தல் கமிஷன் கடையைத் திறந்தேன். பசுவந்தனைப் பக்கமிருந்து வரவேண்டிய வண்டி வரவில்லை. அதனால் மகள் அனுப்பியிருந்த வீடியோவை மறுபடி பார்க்க உட்கார்ந்தேன்.

அவள் உடற்கல்வி ஆசிரியை. இமயமலைக்குப் பனிச்சறுக்குப் பயிற்சிக்குப் போயிருந்தாள். அன்று பதினொன்றரைக்குக் கடைசித் தேர்வு. தேறினால்தான் அடுத்த நிலைப் பயிற்சிக்கு எடுப்பார்கள். வலப்பக்கம் நன்றாகத் திரும்பினாள். இடப்பக்கம் திரும்பினால், இறுகிக் கண்ணாடிபோல் கிடந்த பனியில் சறுக்குப் பலகை வழுக்கி விழுந்தாள். ஸ்கூட்டரை வளைக்கிற மாதிரி உடம்போடு சாய் என்று முந்தின நாள் நான்தான் யோசனை சொன்னேன். எட்டயபுரம் சாலையில் அவளுக்கு ஸ்கூட்டர் பழக்கியவன் என்ற தைரியம். எட்டு மணிக்குப் போன் வந்தது.

"நீங்க சொன்ன மாதிரிதான் சாய்ஞ்சேன்ப்பா. இன்னும் மோசமா விழுதேன். தோள்பட்டையில நல்ல அடி."

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இடப்பக்கத் திருப்பங்கள் எட்டு, ஆறில் வழுக்கல். அந்தப் பக்கம் திரும்பும்போது வெளிப்பக்கம் இருப்பது வலது கால். அதன் பலகை விளிம்புதான் பனியைக் கடித்துப் பிடிக்க வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தாராம். ஏன் பிடிக்கவில்லை? பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்று பார்க்க ஆசை வந்தது. கடையின் இரண்டு எலக்ட்ரானிக் தராசுகளை அருகருகே நகர்த்தி, ஒவ்வொன்றிலும் ஒரு காலை வைத்து, அவளைப் போலவே இடப்பக்கம் சாய்ந்தேன். இடது 47 கிலோ, வலது 21.

கடையில் மூடை தூக்குபவர் வேலையில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வத்தல் வரலன்னு உங்களையே ரெண்டு கூறா எடை போடுதீங்களா அண்ணாச்சி?"

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை விட்டு வீடியோவைப் பார்த்தார். ஒரே முறைதான்.

"மூடையோட லாரிக்கு ஏறுற பலகையில இப்படிச் சாய்ஞ்சா கீழதான் கெடக்கணும். இடுப்ப மட்டும் உள்ள ஒதுக்கணும். தோளு, மிதிச்ச காலுக்கு மேலயே நிக்கணும்."

அப்படியே நின்றேன். வலது 51, இடது 17. ஸ்கூட்டரில் இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கின்றன. சாய்ந்தாலும் பாரம் வேறெங்கும் போகாது. பனியில் பலகைகள் பக்கம் பக்கமாக அல்லவா இருக்கின்றன!

உடனே மகளுக்குச் சொன்னேன். உள்பக்கக் காலை லேசாகத் தூக்க முடிந்தால் பாரம் சரி என்பதையும் சேர்த்துக்கொண்டேன். ஒன்றரைக்கு அவள் கூப்பிட்டாள். தேறிவிட்டாள். வலது பலகை பனியில் மெல்லிய கோடாக வெட்டியிருந்ததைப் படம் எடுத்து அனுப்பினாள். எங்க அப்பா கண்டுபிடித்தது என்று எல்லோரிடமும் சொன்னாளாம். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாட்குறிப்பிலும் 'யோசனை சொன்னேன்' என்றே எழுதினேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக அந்த வரியை அடித்தேன். பிறகு மகளைக் கூப்பிட்டு, விழ வைத்த யோசனை என்னுடையது, நிற்க வைத்தது கடையில் மூடை தூக்கும் இவருடையது என்று சொல்லி, போனை அவர் கையில் கொடுத்தேன். பதினொரு வருடமாக அவர் லாரிப் பலகையில் ஏறி இறங்குவதைப் பார்த்து மூடைகளை எண்ணியிருக்கிறேனே தவிர, அவர் கால்களை ஒரு நாளும் பார்த்ததில்லை, இப்போது பார்க்கிறேன்.